நாலு மட்டை அகலம்

கருங்குழி
ஜூன் 16

கடப்பாக்கம் ஏசுதாஸ் அவர்களின் மகளும், ஹாக்கி முன்வரிசைப் புயலும், தற்சமயம் விளையாட்டு விடுதியில் கரையைக் கடந்திருப்பவளுமாகிய ஷாரோன் அக்காவுக்கு, கருங்குழி ஜெபக்குமார் மகன் ஜோஷ்வா எழுதிக்கொண்டது.

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: சென்ற மே மாதம் அலை அடித்துக்கொண்டு போன பெரியப்பாவின் இடது கால் செருப்பு, நேற்று மாலை ஆலம்பரைக் கோட்டைக்குக் கீழே கரை ஒதுங்கியது. உயிர்ச்சேதம் இல்லை. வார் மட்டும் அறுந்திருக்கிறது. வலது கால் செருப்பைப் பெரியப்பா போன வாரம்தான் தூக்கி எறிந்தார் என்பதால் குடும்பம் ஆழ்ந்த சோகத்தில் உள்ளது. நம் கோலுக்கு ஒரு வருடம் இடது கம்பமாக நின்று உழைத்த செருப்பாயிற்றே என்று, பெரியம்மா குப்பையில் போடப் போனதைத் தடுத்து நான் எடுத்து வைத்திருக்கிறேன்.

நாங்கள் அனைவரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டிவலி, எனக்குக் கணக்குவலி. உன் முட்டி, கணுக்கால், முன்வரிசைக்குத் தேவையான இதர உறுப்புகள் எல்லாம் எப்படி இருக்கின்றன?

விடுதியில் சேர்ந்த அன்றே போனைப் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள் என்று யாருக்குத் தெரியும்? விடுதி என்கிறார்கள், ஒன்றையும் விடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை வார்டன் போனில் கிடைக்கும் ஐந்து நிமிடத்தையும் பெரியம்மா "சாப்ட்டியா, இன்னா சாப்ட்ட, ஏன் கம்மியா சாப்ட்ட" என்றே முடித்துவிடுகிறார். ஆகவே தபால். போஸ்ட் ஆபீஸில் கவர் கேட்டபோது அங்கிருந்த அண்ணன் யாருக்குடா என்று கண்ணடித்தார். அரசு முறைக் கடிதம் என்றேன்.

உனக்கு அங்கே கஷ்டமே இருக்காது, அக்கா. சனி ஞாயிறு தவறாமல் நான் பஸ் ஏறி வந்து, நீ மணலில் கோலைச் சுற்றி வளைகோடு கிழிக்க, நான் நாலு மட்டை அகலம் கோல் அளந்து, ஒரு வருடம் உன் எதிரில் நின்றிருக்கிறேன். பத்து அடித்தால் எட்டு பிடித்தவன். என்னைத் தாண்டி இரண்டு போட்டவளுக்கு மற்ற கீப்பர்கள் எல்லாம் கதவில்லாத வாசல். செங்கோல் பிடித்தவன் நாட்டை ஆண்டான், கோல் பிடித்தவன் கடற்கரையை ஆண்டான். ஆறாம் வகுப்பில் ஆபிரகாம் சார் கொடுத்த என் குட்டை மட்டையைத் துடைத்துக் கட்டிலுக்கு அடியில் ஓய்வெடுக்க விட்டிருக்கிறேன். வரலாற்றுச் சின்னம்.

இதுவரை எத்தனை கோல்? வெறும் எண்ணை எழுதினால்கூடப் போதும்.

இப்படிக்கு,
கிழக்குக் கடற்கரையின் சாத்திய கதவு,
ஜோஷ்வா

*

விளையாட்டு விடுதி
ஜூன் 30

அன்புள்ள தம்பி ஜோஷ்வாவுக்கு,

கர்த்தருடைய கிருபையில் இங்கே நான் சுகமாக இருக்கிறேன். சித்தப்பா, சித்தி சுகமா? சித்தியைப் படிக்கட்டில் ஏறி இறங்க விடாதே, துணி காயப்போட நீ போ.

உன் கடிதத்தை அறையில் சத்தமாகப் படித்தேன். ஹெலன் விழுந்து விழுந்து சிரித்தாள். ஹெலன் என் பக்கத்துக் கட்டில், தஞ்சாவூர்ப் பக்கம். எங்கள் அணிக் கீப்பர். பத்துக்கு எட்டு பிடிப்பாயா என்று நம்பாமல் கேட்டாள். சத்தியமாக என்றேன். அப்படியென்றால் உன் ரகசியம் என்ன என்று கேட்டு எழுதச் சொன்னாள்.

மைதானம் நீல நிறம். ஆடுவதற்கு முன்னால் தண்ணீர் அடிக்கிறார்கள். நம் பக்கம் நெல்லுக்குக்கூட இப்படிப் பாய்ச்ச மாட்டார்கள். மண்ணில் நாலு தள்ளு தள்ளிப் போகிற தூரத்தைப் பந்து ஒரே தள்ளில் போய்விடுகிறது. இங்கே பெரும்பாலானவர்கள் பத்து வயதிலிருந்து இதிலேயே ஆடியவர்கள். நான் முதல் நாள் வழுக்கி விழுந்தேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஒரு விஷயம் கேள். கோலைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாண மண்டபத்து வாசல் மாதிரி அவ்வளவு அகலம். அளவு தப்பாக இருக்கும் என்று நினைத்து, யாரும் இல்லாத நேரத்தில் மட்டையைப் படுக்க வைத்து அளந்தேன். சரியாக நாலு மட்டை. நம் கோலும் நாலுதானே? அது மட்டும் ஏன் அவ்வளவு சின்னதாகத் தெரிந்தது? பக்கத்திலேயே கடல் இருந்ததாலா?

கோல் எண்ணிக்கை கேட்டிருந்தாய். இப்போது பயிற்சி ஆட்டங்கள்தான். போகப் போக எழுதுகிறேன்.

அம்மாவிடம் நான் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல்.

உன் அக்கா,
ஷாரோன்

*

கருங்குழி
ஜூலை 14

வழுக்கி விழுந்தாலும் மட்டையை விடாத வீராங்கனைக்கு,

இங்கே அனைவரும் நலம். உன் உத்தரவுப்படி துணி நான்தான் காயப்போடுகிறேன். தெருவே பார்த்துச் சிரிக்கிறது. அங்கே உன் உடம்பும் ஷூவும் நலமா?

கடலுக்குப் பக்கத்தில் கப்பலே சின்னதாகத் தெரியும், கோல் எம்மாத்திரம்? இது அறிவியல். இதற்குமேல் ஆராய்ந்தால் மூளைக்குக் கெடுதல்.

ஹெலனுக்கு என் ரகசியங்கள்: ஒன்று, பந்தைப் பார்க்காதே, அடிக்க வருகிறவளின் மூக்கைப் பார். மூக்கு எந்தப் பக்கம் போகிறதோ பந்தும் அந்தப் பக்கம்தான் போகும். இரண்டு, காலையில் நாஸ்தாவுக்கு இட்லி கூடாது, குனிய முடியாது. மூன்றாவது ரகசியத்தை யாருக்கும் சொல்வதில்லை.

இப்போது தலைப்புச் செய்தி. என்னைப் பள்ளி அணிக்குக் கீப்பராகப் போட்டுவிட்டார்கள். தேர்வு என்று ஒன்று நடக்கவில்லை. 'ஷாரோன் பத்து அடித்தால் எட்டு பிடிப்பேன்' என்று ஆபிரகாம் சாரிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன். நம் இரண்டு பேருக்கும் மட்டை பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர் அல்லவா, உன் அடி எப்படி என்று அவருக்குத் தெரியும். ஒரு நிமிடம் என்னையே பார்த்துவிட்டு, பெயரை எழுதிக்கொண்டார். போன வாரம் மதுராந்தகத்தில் முதல் போட்டி. மூன்று பந்துகள் உள்ளே போகாமல் இருந்த விதத்தைப் பார்த்து எதிரணியே வாயடைத்து நின்றது. கடைசியில் யார் ஜெயித்தார்கள் என்று கேட்பது நாகரிகம் அல்ல.

பந்தைப் பிடிப்பவன் கொஞ்சம் பந்தா பண்ணத்தான் செய்வான், பொறுத்துக்கொள். உன் கோல் எத்தனை? இரண்டாம் முறையாகக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
மூக்கு நிபுணர்,
ஜோஷ்வா

*

விளையாட்டு விடுதி
ஆகஸ்ட் 18

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். பதில் எழுத நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. அணியில் சேர்ந்ததற்கு வாழ்த்துகள். நீ நன்றாக வருவாய் என்று எனக்கு முன்பே தெரியும்.

சுதந்திர தினப் போட்டியில் எங்கள் அணி மூன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தது. ஹெலன் ஒன்றுகூட விடவில்லை. மூக்கைப் பார்த்தாளாம். இங்கே மழை இல்லை. சாம்பாரில் இனிப்புப் போடுகிறார்கள். அப்பாவுக்கு மாமல்லபுரம் ரிசார்ட்டில் இன்னும் இரவுக் காவல்தானா? பகல் வேலைக்கு மாற்றிக் கேட்கச் சொல்.

வேறு விசேஷம் இல்லை. எல்லோருக்கும் என் ஸ்தோத்திரம்.

அன்புடன்,
ஷாரோன்

*

கருங்குழி
ஆகஸ்ட் 26

எண் மறதி நோயால் அவதிப்படும் அக்காவுக்கு,

நாங்கள் நலம். பெரியப்பாவுக்குப் பகல் வேலை கிடைத்துவிட்டது. இப்போது பகலில் தூங்க முடியவில்லையே என்று வருத்தப்படுகிறார். நீ எப்படி இருக்கிறாய்? இந்த முறை சும்மா கேட்கவில்லை, அக்கா.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்று கோல் என்று இருக்கிறது, ஹெலன் இருக்கிறாள், சாம்பார்கூட இருக்கிறது. நீ மட்டும் இல்லை. மதுராந்தகம் நூலகத்தில் பழைய பேப்பர்களைப் புரட்டி அந்தச் செய்தியைக் கண்டுபிடித்தேன். மூன்று கோல் போட்டவர்களின் பெயர்கள் இருந்தன. மூன்றிலும் 'ஷா' இல்லை.

எனவே இன்று முதல் ஒரு நபர் விசாரணைக் கமிஷன் அமைக்கப்பட்டுள்ளது. தலைவர் நான். செயலாளர், கடலில் பல நாள் அனுபவமுள்ள பெரியப்பாவின் இடது கால் செருப்பு. ஆராயப்படும் பொருள்: திறமை இருக்கிற ஒரு முன்வரிசைக்காரிக்கு உரிய வாய்ப்பு கிடைத்ததா இல்லையா.

முதல் சாட்சியாக ஆபிரகாம் சாரை விசாரித்தேன். அவர் கோல் வலையைச் சுருட்டிக்கொண்டே, "அவள எங்க நிறுத்திகிறாங்க, எவ்ளோ நேரம் ஆட உட்டாங்க, அத்த கேளுடா மொதல்ல. கோலு அப்பறம்" என்றார். பிறகு, நான் பிறப்பதற்கு முன்னால் அவர் இதே ஊரிலிருந்து விடுதிக்கு அனுப்பிய இரண்டு பேரைப் பற்றிச் சொன்னார். ஒருவர் இப்போது லாரி ஓட்டுகிறார், ஒருவர் எங்கே என்றே தெரியவில்லை. அவர்களுக்கு வாய்ப்பு கிடைத்ததா என்று கேட்டேன். வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஆகவே கேட்கிறேன். உன்னை எங்கே நிறுத்தியிருக்கிறார்கள்?

கமிஷன் தலைவர்,
ஜோஷ்வா

*

விளையாட்டு விடுதி
செப்டம்பர் 22

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். நீங்கள் எல்லோரும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன்.

நீ கேட்டதற்கு நேரடியாகவே சொல்கிறேன். வீட்டில் சொல்லாதே. ஜூலை கடைசியிலிருந்து நான் பின்வரிசையில் ஆடுகிறேன். எதிரணியின் பந்தை மறித்து வாங்கி, முன்னால் இருப்பவர்களுக்குக் கொடுக்கும் வேலை. எதிரணிக்குப் பெனால்டி கார்னர் கிடைத்தால் முகமூடி போட்டுக்கொண்டு, அடிக்கிறவளைப் பார்த்து முதலில் ஓடுவதும் நான்தான். வேகமாக ஓடுகிறேன், பயப்படுவதில்லை, அதனால். முழங்காலில் ஒருமுறை பட்டது, இப்போது சரியாகிவிட்டது.

கோச் ஜெயப்பிரியா மேடத்தைத் தப்பாக நினைக்காதே. ஜூலை மாதம் முழுக்க என்னை முன்வரிசையில்தான் ஆடவிட்டார். இரண்டு பேரைத் தாண்டி வளைகோட்டுக்குள் போய்விடுவேன், மேடம் வெளியிலிருந்து கைதட்டுவார். அடிப்பேன். கீப்பரின் கால்காப்பில் போய்ப் படும். மறுபடி போவேன், அடிப்பேன், மறுபடி கால்காப்பு. ஒரு கோல்கூட விழவில்லை. உன் கேள்விக்கான எண் அதுதான்.

ஒரு மாதம் போதுமா என்று எனக்குத் தெரியவில்லை. மற்றவர்களுக்கு ஏழு வருடம் பழகிய மைதானம் எனக்கு நாலு வாரம். அதைச் சொன்னால் சாக்குச் சொல்கிற மாதிரி இருக்கிறது. சொல்லாமல் விட்டால் உள்ளே உறுத்துகிறது. உன் கமிஷன் கண்டுபிடித்தால் எனக்கும் சொல்.

அக்கா,
ஷாரோன்

*

கருங்குழி
செப்டம்பர் 30

முகமூடி போட்ட அக்காவுக்கு,

முழங்கால் நலமா? முதலில் அதைச் சொல். இங்கே நாங்கள் நலம். நான் மட்டும் கொதிநிலையில் இருக்கிறேன்.

கமிஷன் அவசரமாகக் கூடியது. இடைக்கால அறிக்கை: ஒன்று, மேடத்துக்குக் கண் சரியில்லை. இரண்டு, அந்த நீலத் தரை சரியில்லை. மூன்று, உன் ஷூ சரியில்லை. நாலு, பேப்பரில் பெயர் வந்த அந்த மூன்று பேரும் யாருக்காவது சொந்தமாக இருக்கலாம், விசாரிக்க வேண்டும். பத்துக்கு எட்டு பிடிக்கிற என்னையே தாண்டிப் போட்டவள் நீ. உனக்கு அடிக்கத் தெரியாது என்றால் எனக்குப் பிடிக்கத் தெரியாது என்று அர்த்தம். அதை எப்படி ஒத்துக்கொள்ள முடியும்?

இன்னொன்று. கோபப்படமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு மேலே படி. மேடத்துக்கு நேற்று ஒரு கடிதம் போட்டேன். அனுப்புநர்: தலைவர், அனைத்துக் கடப்பாக்கம் ஹாக்கி ரசிகர் மன்றம். ஐந்து லட்சம் உறுப்பினர்கள் கொந்தளிப்பில் இருப்பதாகவும், ஷாரோனை முன்வரிசைக்கு மாற்றாவிட்டால் கடப்பாக்கத்தில் எந்தப் படகும் கடலுக்குப் போகாது என்றும் எழுதியிருக்கிறேன். முத்திரை வேண்டுமே என்று செருப்பின் அடியில் மை தடவிக் குத்தினேன். நன்றாகவே விழுந்திருக்கிறது.

இப்படிக்கு,
ஐந்து லட்சம் பேர் சார்பாக,
ஜோஷ்வா

*

விளையாட்டு விடுதி
அக்டோபர் 27

தம்பிக்கு,

சுகம். சத்தியம் செய்யாமலே படித்தேன். ஆனால் கோபம் எல்லாம் போன பிறகுதான் இதை எழுதுகிறேன்.

உன் மன்றத்துக் கடிதம் வந்த அன்று மேடம் என்னை அறைக்குக் கூப்பிட்டார். மேசை மேல் செருப்பு முத்திரை. எனக்குத் தலை நிமிரவில்லை. யார் இந்தத் தலைவர் என்றார். என் தம்பி, பத்தாவது படிக்கிறான் என்றேன். திட்டுவார் என்று பார்த்தேன். "உனக்கு வாய்ப்புக் குடுத்தேனான்னு கேக்கறான். கேக்க வேண்டிய கேள்விதான்" என்று சொல்லி, டேப்லெட்டை எடுத்து ஜூலை மாத ஆட்டங்களைப் போட்டார்.

நான் அடித்த அடிகளை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி நிறுத்திக் காட்டினார். "இத பாரு. கம்பத்துக்கு ஒரு அடி உள்ள. இதுவும் ஒரு அடி உள்ள. இப்ப அந்தப் பக்கம் பாரு, அங்கயும் அதே ஒரு அடி. உனக்குக் குறி தப்பல, ஷாரோன். நீ குறி வைக்கிற இடமே அதுதான். கீப்பர் கால் நீட்டுற இடத்துக்குச் சொல்லிவச்ச மாதிரி அனுப்பற. எங்க கத்துக்கிட்ட?"

கடற்கரையில் என்றேன். கோல் கம்பத்துக்குச் செருப்பு வைப்போம் என்றேன். கோலின் அளவு சரிதானா என்று கேட்டார். "கரெக்டா நாலு மட்ட மேடம். என் தம்பிதான் அளப்பான். ஒரு வெரலு மாறாது" என்றேன். அப்படியானால் தனக்கும் புரியவில்லை என்றார்.

டிசம்பர் முதல் சனிக்கிழமை தேர்வு ஆட்டம். அதைப் பார்த்துத்தான் மாநில ஜூனியர் அணிக்கு முன்வரிசைப் பெயர்கள் போகும். அன்று பாதி ஆட்டம் முன்வரிசையில் நிறுத்துகிறேன், யோசித்துச் சொல் என்று மேடம் சொல்லியிருக்கிறார்.

யோசித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு நீல மைதானம் தாமதமாகக் கிடைத்தது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் கடற்கரை நம்முடையது. எதிரில் நின்றது நீ. நீ நல்ல கீப்பர்தான், ஜோஷ்வா, ஆனாலும் பத்தாவது படிக்கிற பையன். உன்னையே பத்துக்கு இரண்டுதான் தாண்ட முடிந்தது. அதற்கு யாரைக் குறை சொல்வது?

சித்தப்பா சித்தியைக் கேட்டதாகச் சொல்.

அக்கா,
ஷாரோன்

*

கருங்குழி
நவம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீ நலமா?

இங்கே நல்ல மழை. மதுராந்தகம் ஏரி நிரம்பிவிட்டது, எல்லோரும் பார்க்கப் போகிறார்கள். நானும் அப்பாவோடு போய்ப் பார்த்தேன். அரையாண்டுத் தேர்வு வருகிறது. அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை.

வேறு ஒன்றும் இல்லை.

ஜோஷ்வா

*

விளையாட்டு விடுதி
நவம்பர் 20

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். உனக்குத்தான் ஏதோ உடம்பு சரியில்லை. ஒரு கேலிகூட இல்லாமல் உன்னிடமிருந்து கடிதம் வந்தது இதுதான் முதல் தடவை. ஹெலன் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வேறு யாராவது எழுதியதா என்று கேட்டாள். மழையில் நனையாதே. ஏரிக்கரையில் விளிம்புக்குப் போகாதே.

நான் முடிவெடுத்துவிட்டேன். பின்வரிசையிலேயே இருக்கிறேன் என்று தேர்வு ஆட்டத்துக்கு முன்தினம் மேடத்திடம் சொல்லப் போகிறேன். பாதி ஆட்டம் எனக்குப் போனால், அடிக்கத் தெரிந்த ஒருத்திக்கு அந்தப் பாதி குறையும். அதுவும் நியாயமில்லைதானே? உன் கமிஷனைக் கலைத்துவிடு. செயலாளருக்கு என் நன்றி.

ஆபிரகாம் சாரிடம் நானே பிறகு எழுதுகிறேன்.

அன்புடன்,
ஷாரோன்

*

கடப்பாக்கம்
நவம்பர் 25

அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. காய்ச்சல் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நீ நலமா என்று கேட்கும் தகுதி இன்று எனக்கு இல்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

கமிஷனைக் கலைக்கும் முன் அதன் இறுதி அறிக்கை. மேடம் மேல் தப்பில்லை. தரை மேலும் இல்லை, ஷூ மேலும் இல்லை, அந்த மூன்று பேர் யாருக்கும் சொந்தமும் இல்லை. இத்தனை நாள் தேடிய ஆள் தலைவர் நாற்காலியிலேயே கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான்.

நீ உன் மட்டையை மணலில் இழுத்துக்கொண்டு வளைகோடு கிழிக்கப் போய்விடுவாய், ஞாபகம் இருக்கிறதா? அந்த நேரத்தில் நான் கோல் அளப்பேன். உன் மட்டை உன்னிடம். என் கையில் இருந்தது என் குட்டை மட்டை. அதைத்தான் நாலு தடவை படுக்க வைத்து அளந்தேன். முதல் நாள் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மட்டை என்றால் மட்டைதானே என்று நினைத்தேன். அன்று உன் பந்துகளைப் பிடித்தேன். என்னாலேயே நம்ப முடியவில்லை.

இரண்டாவது வாரம் இரண்டு மட்டையையும் உங்கள் வீட்டுச் சுவரில் சாய்த்து வைத்தபோது பார்த்தேன். என்னுடையது அரை அடி குட்டை. சொல்லத்தான் வந்தேன், அக்கா. நீ உள்ளே பெரியம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாய். "இவன மாரி கீப்பரு டிஸ்ட்ரிக்ட்லயே இல்லம்மா. சும்மா பூனை மாரி பாயறான்" என்றாய். என்னை அதுவரை யாரும் எதிலும் அப்படிச் சொன்னதில்லை. வாசலிலேயே நின்று கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு திரும்பிவிட்டேன். அடுத்த சனிக்கிழமை அதே மட்டையால் அளந்தேன். ஹெலனிடம் சொல்லாமல் விட்ட மூன்றாவது ரகசியம் இதுதான்.

நாலு அரையடி, இரண்டு அடி. அதை இரண்டு பக்கமும் பிரித்தால் இந்தப் பக்கம் ஒரு அடி, அந்தப் பக்கம் ஒரு அடி. மேடத்துக்குப் புரியாத கணக்கு, எனக்கு உன் கடிதத்தைப் படித்த அந்த நிமிடமே புரிந்துவிட்டது. அதனால்தான் ஏரியைப் பற்றி எழுதினேன்.

நீ ஒரு வருடம் குறி வைத்தது கம்பத்தை ஒட்டித்தான். கம்பத்தை உள்ளே நட்டு வைத்தவன் நான். மண்ணில் அவ்வளவு குறுகலான இடத்தில் பத்துக்கு இரண்டு போட்டிருக்கிறாய் என்று திருப்பிப் போட்டுப் பார். வாய்ப்பு கிடைத்ததா இல்லையா என்று ஊரெல்லாம் சாட்சி தேடினேன். மேடம் ஒரு மாதமாவது முழு அகலத்துக்குக் கொடுத்தார். நான் ஒரு நாள்கூடக் கொடுக்கவில்லை.

பள்ளி அணி விஷயமும் சொல்லிவிடுகிறேன். மதுராந்தகத்தில் உள்ளே போகாத அந்த மூன்று பந்தில் இரண்டு வெளியே போனவை. ஒன்று கம்பத்தில் பட்டுத் திரும்பியது. மற்ற ஒன்பதும் உள்ளேதான் போயின. ஆபிரகாம் சார் அடுத்த நாளே என்னை அணியிலிருந்து எடுத்துவிட்டார். அவரிடமும் இன்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. தன் மட்டையைக் கொடுத்து, "போயி ஒரு தபா ஒழுங்கா அளந்து நின்னு பாரு" என்றார். அதற்காகத்தான் பஸ் ஏறி இங்கே வந்தேன்.

மேடத்திடம் பின்வரிசை என்று சொல்லிவிடாதே. பாதி ஆட்டம் வேண்டும் என்று சொல். நீ வழக்கமாகக் குறி வைக்கிற இடத்திலிருந்து ஒரு அடி வெளியே அடி. அது பயமாக இருக்கும், வெளியே போய்விடும் என்று தோன்றும். போகாது. அங்கே இன்னும் கோல் இருக்கிறது.

ஸ்பீட் போஸ்டில் போடுகிறேன். ஒருவேளை தாமதமானால் என்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிடத்தில் எனக்கு ஒரு நிமிடம் வேண்டும் எனப் பெரியம்மாவிடம் கேட்டேன். ஏன் என்றார். சொன்னேன். முதுகில் இரண்டு விழுந்தது. ஐந்து நிமிடத்தையும் நீயே பேசு என்றார்.

இப்படிக்கு,
பத்தடிக் கோலின் கீப்பர்,
ஜோஷ்வா

பின்குறிப்பு: நான் சொன்னதை நம்பாமல் பெரியம்மாவும் கடற்கரைக்கு வந்தார். சாரின் மட்டையால் நாலு தடவை அளந்தேன். இடது பக்கம் அதே செருப்பு, வலது பக்கம் ஒரு தேங்காய் மட்டை. நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தேன். "நவுரு, நான் அடிக்கறேன்" என்று பெரியம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மட்டையை வாங்கினார். பிறந்ததிலிருந்து மட்டையைத் தொட்டதில்லை. கண்ணை வேறு மூடிக்கொண்டார். பந்து ஈர மணலில் நடந்து போகிற மாதிரி உருண்டு, செருப்புக்கு உட்பக்கமாகப் போனது. நான் பாய்ந்தேன், அக்கா. பூனை மாதிரிதான் பாய்ந்தேன். எட்டவில்லை.